சாஃப் கோப்பை: அரையிறுதிக்கு யார் என்று நாமே கணக்குப் போடுவது எப்படி

லீக் சுற்றின் கடைசி நாள் வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். இன்று டிரா போதுமா, ஜெயித்தே ஆக வேண்டுமா, ஜெயித்தால் எத்தனை கோலில்? டிவி வர்ணனை பாதி விடைதான் சொல்லும். வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்கில் பெரும்பாலும் ஏதாவது ஒரு விதி விட்டுப்போயிருக்கும். ஒரு தாள், ஒரு பேனா, போட்டியின் விதிமுறை, இந்த மூன்றும் கையில் இருந்தால் பத்து நிமிட வேலை. தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (சாஃப்) போட்டிகள் இதற்கு நல்ல பயிற்சிக்களம். பிரிவுகள் சிறியவை, ஆட்டங்கள் குறைவு. அதனால் ஒரே ஒரு கோல் அணியை ஊருக்கு அனுப்பிவிடும்.

எந்தப் போட்டி, எத்தனை அணி

முதல் தப்பு இங்கேதான் நடக்கும். சாஃப் 1997இல் தொடங்கியது. இன்றைய உறுப்பினர்கள் ஏழு: இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம், பூட்டான், மாலத்தீவு. பூட்டான் 2000இல் வந்தது. ஆப்கானிஸ்தான் 2005இல் சேர்ந்து, 2013இல் கோப்பையும் வென்று, 2015இல் மத்திய ஆசியக் கூட்டமைப்பின் பக்கம் போய்விட்டது. 1993 லாகூர், 1995 கொழும்பு போட்டிகள் கூட்டமைப்பு பிறப்பதற்கு முன்பே நடந்தவை. ஆனாலும் கோப்பை வரிசையில் சேர்த்தே எண்ணுகிறார்கள். இலங்கை கோப்பை வென்ற ஒரே தடவை அந்தக் கொழும்புப் போட்டிதான்.

வருடத்தை வைத்துத் தேடும்போது கவனம் வேண்டும். '2015' என்று எழுதப்படும் திருவனந்தபுரம் போட்டியின் இறுதியாட்டம் 2016 ஜனவரியில் நடந்தது. இளையோர் போட்டிகளில் இன்னும் குழப்பம்: ஒரே வரிசைப் போட்டி ஒரு வருடம் 18 வயதுக்குட்பட்டோர், இன்னொரு வருடம் 19, மற்றொரு வருடம் 20 என்று நடந்திருக்கிறது. பெயரை விட்டுவிட்டு, பிறந்த தேதி வரம்பைப் பாருங்கள்.

ஏழு உறுப்பினர் இருப்பதால் ஏழு அணி ஆடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021 மாலே போட்டிக்கு பாகிஸ்தான் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான பிஃபாவின் தடையில் இருந்தது, பூட்டான் வரவில்லை, ஐந்து அணிகள்தான். 2023 பெங்களூரு போட்டியில் இலங்கை தடையில் இருந்தது. குவைத்தையும் லெபனானையும் விருந்தாளிகளாக அழைத்து எட்டாக்கினார்கள். அணி எண்ணிக்கை மாறினால் போட்டியின் அமைப்பே மாறும். ஐந்து அணி என்றால் எல்லாரும் எல்லாரோடும் மோதி, முதல் இரண்டு இடம் நேராக இறுதிக்கு. எட்டு என்றால் நான்கு நான்காக இரண்டு பிரிவு, பிறகு அரையிறுதி. போன தடவைத் தாளை வைத்து இந்தத் தடவைக் கணக்கைப் போட முடியாது.

விதிமுறையில் தேட வேண்டியவை

முழு விதிமுறையையும் படிக்க வேண்டாம். ஐந்து விஷயம் போதும்:

1. புள்ளி சமமானால் எதை முதலில் பார்ப்பது: நேருக்கு நேர் மோதலா (சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்கள் மட்டும்), மொத்தக் கோல் வித்தியாசமா?
2. அட்டைக் கணக்கு இருக்கிறதா, ஒவ்வோர் அட்டைக்கும் எத்தனை?
3. எத்தனை மஞ்சள் அட்டைக்கு ஒரு ஆட்டத் தடை, அது எந்தக் கட்டத்தில் அழியும்?
4. நாக்-அவுட்டில் 30 நிமிடக் கூடுதல் நேரம் உண்டா, நேராகப் பெனால்ட்டியா?
5. அணி விலகினால் அதன் ஆட்டங்கள் ரத்தா, எதிரணிக்கு 3-0 வெற்றியா?

முதல் கேள்வியை இரண்டு தடவை படியுங்கள். ஆசியக் கோப்பையில் நேருக்கு நேர் மோதல்தான் முதலில். 2022 வரை உலகக் கோப்பையில் மொத்தக் கோல் வித்தியாசம் முதலில். டிவி பார்த்து வளர்ந்த பலருக்கு இரண்டாவது முறையே மனதில் பதிந்திருக்கிறது. அதனால்தான் தப்பு.

பட்டியல் போடுவது

ஒவ்வோர் அணிக்கும் ஒரு வரி. கட்டங்கள்: ஆடியது, வெற்றி, டிரா, தோல்வி, அடித்த கோல், வாங்கிய கோல், வித்தியாசம், புள்ளி. ஒற்றைப்படை எண்ணிக்கையில் அணிகள் இருந்தால் 'ஆடியது' கட்டத்தை விடவே கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அணி சும்மா உட்கார்ந்திருக்கும். மேலே நிற்கிற அணி ஒரு ஆட்டம் கூடுதலாக ஆடியதால் மட்டும் மேலே நிற்கலாம்.

பட்டியல் சரியா என்று பார்க்க மூன்று சோதனை. எல்லா அணியும் அடித்த கோலின் கூட்டுத்தொகையும் வாங்கிய கோலின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசங்களைக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். மொத்தப் புள்ளி என்பது முடிவு கண்ட ஆட்டத்துக்கு 3, டிராவுக்கு 2 என்ற கணக்கோடு பொருந்த வேண்டும். 2023 ஏ பிரிவில் ஆறு ஆட்டத்தில் ஐந்தில் முடிவு, ஒன்று டிரா: 15 + 2 = 17. இந்தியா 7, குவைத் 7, நேபாளம் 3, பாகிஸ்தான் 0, கூட்டினால் 17. பொருந்தவில்லை என்றால் ஒரு ஆட்டத்தை இரண்டு தடவை எழுதியிருப்பீர்கள், அல்லது ஒரு ஸ்கோரைத் திருப்பி எழுதியிருப்பீர்கள். கைக்கணக்கில் வரும் பிழைகளில் இந்த இரண்டும்தான் அதிகம்.

அடுத்து, மீதி ஆட்டங்கள். ஒரு ஆட்டத்துக்கு மூன்று முடிவு. இரண்டு ஆட்டம் மீதி என்றால் ஒன்பது வரி, மூன்று என்றால் இருபத்தேழு. கடைசி நாளுக்கு முன் கணக்கை ஆரம்பிப்பது வீண் வேலை என்பது இதனால்தான். ஒன்பது வரியில் வழக்கமாக ஐந்தாறு வரிகள் புள்ளியை வைத்தே தீர்ந்துவிடும். மீதி வரிகளில்தான் கோல்களைத் தொட வேண்டும்.

மூன்று அணி சமமானால்

2018 டாக்கா, ஏ பிரிவு. பாடம் எடுக்க இதைவிட நல்ல பிரிவு கிடைக்காது.

பாகிஸ்தான் 2-1 நேபாளம்
வங்கதேசம் 2-0 பூட்டான்
நேபாளம் 4-0 பூட்டான்
வங்கதேசம் 1-0 பாகிஸ்தான்
பாகிஸ்தான் 3-0 பூட்டான்
நேபாளம் 2-0 வங்கதேசம்

கடைசி ஆட்டத்துக்கு இறங்கும்போது சொந்த மண்ணில் வங்கதேசம் இரண்டு வெற்றி, 6 புள்ளி, ஒரு கோல்கூட வாங்கவில்லை. டிரா செய்தால் முதலிடம். தோற்றதும் மூன்று அணி 6 புள்ளியில் நின்றன. மொத்தக் கணக்கில் நேபாளம் 7 அடித்து 2 வாங்கி +5, பாகிஸ்தான் 5-2 என்று +3, வங்கதேசம் 3-2 என்று +1. ஆறு புள்ளி எடுத்தும் வெளியே.

நேருக்கு நேர் முறையில் போட்டுப் பார்ப்போம். இங்கே பூட்டான் ஆட்டங்களை அடித்துவிட்டு, மூன்று பேரும் தங்களுக்குள் ஆடிய மூன்று ஆட்டத்தை மட்டும் தனிப் பட்டியலாக எழுத வேண்டும். ஆளுக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி. நேபாளம் 3-2, பாகிஸ்தான் 2-2, வங்கதேசம் 1-2. அதே வரிசைதான். இரண்டு முறையிலும் முடிவு ஒன்று.

ஆனால் எப்போதும் ஒன்றாக இருக்காது. அந்த ஆட்டம் 3-2 என்று நேபாளத்துக்கு முடிந்திருந்தால்? தனிப் பட்டியலில் நேபாளம் 4-4, வங்கதேசம் 3-3, பாகிஸ்தான் 2-2. மூன்றுக்கும் வித்தியாசம் பூஜ்யம். அடித்த கோலில் வங்கதேசம் பாகிஸ்தானைத் தாண்டி அரையிறுதிக்குப் போகும். மொத்தக் கணக்கு முறையிலோ பாகிஸ்தான் +3, வங்கதேசம் +2, வங்கதேசம் வெளியே. ஒரே ஆட்டம், ஒரே ஸ்கோர். விதிமுறையில் எந்த வரி மேலே இருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு நாடு ஊருக்குப் போகிறது.

அதே நாளில் 0-1, 1-2 என்ற தோல்விகளையும் போட்டுப் பாருங்கள். 0-1 என்றால் இரண்டு முறையிலும் வங்கதேசம் மூன்றாமிடம்தான். 1-2 என்றால் மொத்தக் கணக்கில் மூன்றாமிடம்; தனிப் பட்டியலிலோ நேபாளம் 3-3 என்று முன்னே போக, வங்கதேசமும் பாகிஸ்தானும் 2-2 என்று சமமாக நிற்கும். அதாவது 'ஒரு கோலில் தோற்றாலும் பரவாயில்லை' என்று நம்பி அந்த அணி இறங்க முடியாது.

மூன்று பேரில் ஒருவர் மட்டும் பிரிந்து மேலேயோ கீழேயோ போய்விட்டால், மீதி இருவருக்கும் கணக்கை முதல் விதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டுமா, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமா? இதையும் விதிமுறை சொல்லும். பலர் தவறவிடும் வரி அது.

மூன்று அணிப் பிரிவு

இது ஒரு மோசமான அமைப்பு. மொத்தம் மூன்றே ஆட்டம். கடைசி ஆட்டத்தில் ஒரு அணி வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். 2018 பி பிரிவில் உட்கார்ந்திருந்தது இலங்கை. இந்தியாவிடம் 0-2, மாலத்தீவோடு 0-0. ஒரு புள்ளி, அடித்தது பூஜ்யம், வாங்கியது இரண்டு. மாலத்தீவுக்கு இந்தியாவோடு ஆட்டம் பாக்கி. நேருக்கு நேர் 0-0 என்பதால் அதில் எதுவும் தீராது, மொத்தக் கணக்குதான்.

மாலத்தீவு டிரா செய்தாலோ ஜெயித்தாலோ அது உள்ளே. 0-1 தோற்றாலும் உள்ளே (-1, இலங்கை -2). 1-3 தோற்றால் வித்தியாசம் சமம், அடித்த கோல் ஒன்று அதிகம், உள்ளே. மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றால் இலங்கை உள்ளே. எல்லாம் அச்சு அசலாகச் சமமாவதற்கு ஒரே ஒரு ஸ்கோர்தான் இருந்தது: 0-2. இந்தியா 2-0 என்று ஜெயித்தது.

நாணயம் சுண்டினார்கள். மாலத்தீவுக்கு விழுந்தது. அந்த அணி அரையிறுதியில் நேபாளத்தை 3-0, இறுதியில் இந்தியாவை 2-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. லீக்கில் ஒரு கோல்கூட அடிக்காத, ஒரு ஆட்டமும் ஜெயிக்காத அணி சாம்பியன்! உங்கள் ஒன்பது வரித் தாளில் 'சீட்டு அல்லது நாணயம்' என்று ஒரு மூலையில் எழுதி வைப்பது வேடிக்கைக்காக இல்லை.

அணி விலகினாலும் மூன்று அணிப் பிரிவு உருவாகும். 2015 போட்டியிலிருந்து பாகிஸ்தான் விலகியதும் இந்தியா, இலங்கை, நேபாளம் மட்டும் ஒரு பிரிவில் நின்றன.

முதலிடமா, இரண்டாமிடமா

அரையிறுதி உறுதியான பிறகும் கணக்கு முடியாது. எதிரணி யார் என்பது இடத்தைப் பொறுத்தது. 2023இல் இந்தியாவும் குவைத்தும் கடைசி ஆட்டத்துக்கு முன்பே தகுதி பெற்றுவிட்டன. இரண்டுக்கும் 6 புள்ளி, இரண்டுக்கும் +6. இந்தியா அடித்தது 6 (பாகிஸ்தானோடு 4-0, நேபாளத்தோடு 2-0). குவைத் அடித்தது 7 (நேபாளத்தோடு 3-1, பாகிஸ்தானோடு 4-0). இந்த ஒரு கோல் வித்தியாசத்தால், எந்த ஸ்கோரில் டிரா ஆனாலும் முதலிடம் குவைத்துக்கு. இந்தியாவின் சுனில் சேத்ரி முதல் பாதி முடியும்போது அடித்தார். கூடுதல் நிமிடங்களில் இந்தியா தன் வலையிலேயே போட்டுக்கொண்டது. 1-1. குவைத்துக்கு அரையிறுதியில் வங்கதேசம், இந்தியாவுக்கு லெபனான்.

சாஃப் போட்டிகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரே மைதானம் என்பதால், பிரிவின் கடைசி இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் நடக்காது. பின்னால் இறங்கும் அணி தன் தேவை என்ன என்று தெரிந்துகொண்டே இறங்கும். 2018இல் பாகிஸ்தான்-பூட்டான் முதலில், நேபாளம்-வங்கதேசம் பிறகு. உங்கள் ஒன்பது வரியில் ஆறு அப்போதே அழிந்துவிடும். முதல் ஆட்டம் முடிந்ததும் தாளைத் திருத்திவிட்டு இரண்டாவதைப் பாருங்கள்.

அட்டைகள்

கோலிலும் தீராவிட்டால் அட்டைக் கணக்கு. ஆசியக் கூட்டமைப்பின் வழக்கமான முறை: மஞ்சள் 1, இரண்டு மஞ்சளால் சிவப்பு 3, நேரடிச் சிவப்பு 3, மஞ்சளுக்குப் பின் நேரடிச் சிவப்பு 4. பிஃபா முறையில் கடைசி இரண்டும் 4, 5. குறைந்த எண் எடுத்த அணி மேலே. ஆட்டம் நடக்கும்போதே குறித்து வையுங்கள். பிறகு தேடினால் ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள்.

தடைக் கணக்கு தனி. இரண்டு வேறு வேறு ஆட்டத்தில் மஞ்சள் வாங்கினால் அடுத்த ஆட்டம் இல்லை என்பது சிறு போட்டிகளில் பொதுவான விதி. 2023இல் இந்திய வீரர் சந்தேஷ் ஜிங்கன் இப்படித்தான் லெபனானோடு ஆன அரையிறுதியை இழந்தார். பயிற்சியாளருக்கும் அட்டை உண்டு: அப்போதைய இந்தியப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் பாகிஸ்தான் ஆட்டத்திலும் குவைத் ஆட்டத்திலும் சிவப்பு வாங்கி, அரையிறுதி, இறுதி இரண்டிலும் ஓரத்தில் நிற்க முடியாமல் போனது. உதவியாளர் மகேஷ் கவ்லிதான் அணியை நடத்தினார்.

பெனால்ட்டி

ஐந்து ஐந்து உதை. சமமானால் ஒன்று ஒன்றாக. ஆட்டம் முடியும்போது களத்தில் இருந்த எல்லாரும், கோல்கீப்பர் உட்பட, ஒரு தடவை உதைத்த பிறகுதான் யாரும் இரண்டாவது தடவை உதைக்கலாம். ஒரு பக்கம் ஆள் குறைந்திருந்தால் மறுபக்கமும் ஆளைக் குறைத்துச் சமப்படுத்த வேண்டும். நாணயம் சுண்டுவது எந்த வலை, யார் முதலில் என்பதற்கு மட்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை மறந்ததால் 2024 பிப்ரவரியில் டாக்காவில் என்ன ஆனது என்று பாருங்கள். 19 வயதுக்குட்பட்ட பெண்கள் இறுதி, இந்தியா-வங்கதேசம், 1-1. பெனால்ட்டியில் பதினொரு பேரும் இரு பக்கமும் தவறாமல் அடித்து 11-11. இரண்டாம் சுற்று தொடங்க வேண்டிய இடத்தில் நாணயம் சுண்டி இந்தியாவுக்கு வெற்றி என்றார்கள். வங்கதேசம் எதிர்த்தது, கூட்டம் கொதித்தது, கடைசியில் இரு அணியும் கூட்டுச் சாம்பியன். விதிப்படி செய்ய வேண்டியது எளிது: உதையைத் தொடர வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் சுற்றில் உதைக்கும் வரிசையை மாற்றிக்கொள்ளவும் அனுமதி உண்டு. லீக்கில் சமமான அணிகளைப் பிரிக்கும் நாணயத்தையும் நாக்-அவுட்டையும் போட்டுக் குழப்பியதுதான் பிழை.

தரவரிசைக்கு என்ன கிடைக்கும்

கோப்பை வென்றால் பிஃபா தரவரிசைப் பட்டியலில் தாவிவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக இது. சாஃப் கோப்பை ஆசியக் கோப்பைக்கோ உலகக் கோப்பைக்கோ தகுதிச் சுற்று இல்லை. பட்டியல் கணக்கில் அதற்கு நட்பு ஆட்டத்தின் எடைதான்: பிஃபா சர்வதேச நாட்களுக்குள் (கிளப்புகள் வீரர்களை நாட்டு அணிக்கு விட வேண்டிய நாட்கள்) 10, வெளியே 5. கிடைக்கும் புள்ளி = எடை × (முடிவு − எதிர்பார்ப்பு). முடிவு என்பது வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5, தோல்விக்கு 0. பெனால்ட்டியில் ஜெயித்தால் 0.75, தோற்றால் 0.5. எதிர்பார்ப்பு, இரு அணியின் தரப்புள்ளி வித்தியாசத்திலிருந்து வரும்: சமம் என்றால் 0.5, 120 புள்ளி மேலே என்றால் 0.61, 300 மேலே என்றால் 0.76.

300 புள்ளி மேலே இருக்கும் அணி, எடை 5 உள்ள ஆட்டத்தில் ஜெயித்தால் 5 × 0.24 = 1.2 புள்ளி. டிரா என்றால் 1.3 இழப்பு. தோற்றால் 3.8 போகும். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அதே எதிரியை அதே ஸ்கோரில் வென்றால் எடை 25; கிடைப்பது 6.